சக்கரம், சைக்கிள், வீல்: மூன்றுக்கும் ஒரே தாய்ச்சொல். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'சைக்கிள் வீல்ல கோட்டம் எடுக்கணும்' என்று கடைக்காரரிடம் சொல்கிறோம். அவர் சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றிப் பார்க்கிறார். சைக்கிள், வீல், சக்கரம் மூன்றும் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். ஒன்று கிரேக்கத்தின் வழியாகவும், ஒன்று ஜெர்மானிய மொழிகளின் வழியாகவும், ஒன்று சமஸ்கிருதத்தின் வழியாகவும் வந்து தமிழ்நாட்டுத் தெருமுனையில் சந்தித்திருக்கின்றன. இது பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே.

அந்தத் தாய்ச்சொல் எது? அதை எழுதி வைத்தவர் உண்டா?

*க்வெக்வ்லொஸ். பொருள்: சக்கரம். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. இது சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் முதலிய மொழிகளுக்குத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் சொல். அம்மொழியில் கல்வெட்டோ ஏடோ கிடையாது. அதன் கிளைமொழிகளில் எஞ்சியிருக்கும் வடிவங்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் இதைப் பெறுகிறோம். முன்னால் உள்ள நட்சத்திரக் குறி 'நேரடிச் சான்று இல்லை, மீட்டுருவாக்கம்' என்பதைக் காட்டும். ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழக்கத்தைப் பரப்பினார். நட்சத்திரம் இல்லாமல் இச்சொல்லை எழுதுவது பிழை.

இந்தப் பக்கத்தில் 'க்வ' என்று வருவதை இரண்டு மெய்களாகப் படிக்க வேண்டாம். 'க்' சொல்லும்போதே உதட்டைக் குவித்தால் வரும் ஒற்றை ஒலி அது.

அந்தச் சொல் எப்படி உருவானது?

*க்வெல் என்று ஒரு வினைவேர். 'சுற்று, திரும்பு, வளைய வா' என்று பொருள். அதன் முதல் மெய்யை எடுத்து 'எ' சேர்த்து முன்னால் ஒட்டினால் 'க்வெ'. வேரின் சொந்த உயிர் மறைந்து 'க்வ்ல்' மட்டும் மிஞ்சும். கடைசியில் பெயர்ச்சொல் ஆக்கும் '-ஒ-' என்ற ஈறும், எழுவாய் உருபான 'ஸ்' என்பதும் சேரும். ஆக, க்வெ + க்வ்ல் + ஒ + ஸ். 'சுற்றிச் சுற்றி வருவது' என்பதே அதன் உட்பொருள்.

முதலசையை மட்டும் இரட்டிப்பது தமிழருக்குப் புதிதல்ல. வேறு என்பது வெவ்வேறு ஆகிறது. நான்கு என்பது நந்நான்கு ஆகிறது. முழுச் சொல்லும் இரட்டிக்கவில்லை. முதலெழுத்து மட்டும் குறுகி முன்னால் வந்து நிற்கிறது. இந்தோ-ஐரோப்பியமும் தமிழும் இதில் உறவு என்று பொருளில்லை. உத்தி மட்டும்தான் ஒன்று.

எந்தெந்த மொழிகளில் அது என்னவாக இருக்கிறது?

சமஸ்கிருதத்தில் சக்ர. பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவின் மொழியில் சக்ர (இங்கே 'க்' காற்று உரசி வரும் ஒலி). பாரசீகத்தில் மெய்கள் இடம் மாறி சர்க். பாலியிலும் பிராகிருதத்திலும் சக்க. கிரேக்கத்தில் குக்லொஸ், பிற்காலத்தில் முதல் உயிர் இகரத்தை நோக்கி நகர்ந்ததாலும், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதாலும் அது 'சைக்கிள்' ஆகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ஹ்வெயொஹ்ல், ஹ்வெயொகொல், ஹ்வேயொல் என்று பல வடிவங்கள், இன்று வீல். பழைய நார்ஸில் ஹ்யோல், டச்சில் வீல். மேற்குச் சீனத்தின் தாரிம் படுகையில் கிடைத்த தொகாரிய ஏடுகளில் குகல், கொகலெ. அங்கே பொருள் 'வண்டி'. லிதுவேனியத்தில் காக்லஸ் என்றால் கழுத்து. திரும்புகிற உறுப்பு அல்லவா?

லத்தீனில் இதன் நேர்வாரிசு இல்லை. அங்கே சக்கரத்துக்கு 'ரோட்டா' என்ற வேறு சொல். 'சைக்ளுஸ்' என்பது கிரேக்கத்திடமிருந்து லத்தீன் வாங்கிய கடன். ஸ்லாவிய மொழிகளின் 'கொலொ', ரஷ்யத்தின் 'கொலெஸொ' ஆகியவை இரட்டிப்பு இல்லாமல் அதே வேரிலிருந்து வந்தவை. அவற்றை உடன்பிறந்தார் என்று சொல்லக்கூடாது, பங்காளிகள் எனலாம்.

'வீல்' எங்கே, 'சக்கரம்' எங்கே? ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லையே?

ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்று அல்ல. ஒழுங்காக வேறுபடுவதுதான் சான்று. இத்துறையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

ஒவ்வோர் ஒலியாகப் போவோம். மூலமொழியின் 'க்வ' ஜெர்மானியக் கிளையில் 'ஹ்வ' ஆகும் என்பது யாக்கோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்திய விதியின் ஒரு பகுதி. சமஸ்கிருதத்தில் 'யார்' என்பது கஸ், லத்தீனில் க்விஸ், பழைய ஆங்கிலத்தில் ஹ்வா. இந்த வரிசையில் 'க்வ' எங்கே நிற்கிறதோ அங்கேயே ஆங்கிலத்தின் 'ஹ்வ' நிற்கிறது. எனவே *க்வெக்வ்ல்- ஜெர்மானியத்தில் *ஹ்வெஹ்வ்ல்- ஆகவேண்டும்; பழைய ஆங்கிலத்தின் ஹ்வெயொஹ்ல் அதைத்தான் காட்டுகிறது. நடுவில் இருந்த மெய் நாளடைவில் கரைந்து, இரண்டு உயிர்கள் இணைந்து நெடிலாகி, முன்னிருந்த 'ஹ்' மூச்சும் பெரும்பாலான இடங்களில் போய் 'வீல்' ஆனது. ஸ்காட்லாந்தில் பலர் இன்றும் 'ஹ்வீல்' என்றே சொல்கிறார்கள்.

மறுபக்கம், சமஸ்கிருதத்தில் மூலமொழியின் எ, ஒ இரண்டும் அ ஆகிவிட்டன. ல் பெரும்பாலும் ர் ஆனது: ஆங்கிலத்தில் 'ஃபுல்' என்றும் லிதுவேனியத்தில் 'பில்னஸ்' என்றும் ல் உள்ள இடத்தில் சமஸ்கிருதத்தில் 'பூர்ண'. நம் பூரணம் அதுதான். இந்த மாற்றங்களைப் போட்டால் *க்வெக்வ்லொ- என்பது 'சக்ர' என்றே வந்து நிற்கும்.

ஒரே 'க்வ' முதலிடத்தில் ச-வாகவும் நடுவில் க-வாகவும் ஆனது ஏன்?

இந்தச் சொல்லின் மிக அழகான பகுதி இது. இந்தோ-ஈரானியக் கிளையில் முதலில் உதட்டுக் குவிவு மறைந்து 'க்வ' வெறும் 'க்' ஆனது. அடுத்து 'எ' அல்லது 'இ' வந்த இடத்தில் மட்டும் அந்த 'க்' அண்ணத்தை நோக்கி நகர்ந்து 'ச்' ஆனது. கடைசியாகத்தான் 'எ' என்பது 'அ' ஆக மாறியது. *க்வெக்வ்லொ- என்பதில் முதல் மெய்க்குப் பின்னால் 'எ', எனவே ச. இரண்டாவது மெய்க்குப் பின்னால் 'ல்'. எனவே க் அப்படியே நின்றது.

வரிசை மாறினால் கணக்கு உதைக்கும். 'எ' முதலிலேயே 'அ' ஆகியிருந்தால் 'ச்' தோன்றக் காரணமே இருந்திருக்காது. சொல் 'கக்ர' என்று இருந்திருக்கும். 1870-கள் வரை, சமஸ்கிருதத்தின் 'அ'தான் மூல உயிர், கிரேக்கமும் லத்தீனும்தான் அதை எ, ஒ என்று பிரித்துவிட்டன என்று பலர் நம்பினார்கள். அந்த ஆண்டுகளில் பல அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த விதியைக் கண்டறிந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. சக்ர என்ற சொல்லின் முதல் எழுத்து, மறைந்துபோன ஓர் எகரத்தின் கால்தடம். 'உம்' என்ற பொருளில் வரும் சமஸ்கிருத 'ச', லத்தீன் 'க்வெ', கிரேக்கத் 'தெ'. ஐந்தைக் குறிக்கும் பஞ்ச, க்வின்க்வெ, பென்தெ. எங்கு பார்த்தாலும் அதே தடம்.

கிரேக்க வடிவம் விதிப்படி வந்திருக்கிறதா?

இல்லை, மறைப்பதற்கும் இல்லை. கிரேக்கத்தில் 'க்வ' எகரத்துக்கு முன் 'த்' ஆகும், மெய்க்கு முன் 'ப்' ஆகும். அதன்படி 'தெப்லொஸ்' என்று வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ குக்லொஸ். உதட்டுக் குவிவு மெய்யை விட்டு உயிரில் ஏறி 'உ' ஆகிவிட்டது என்பது பொதுவான விளக்கம். 'உ' பக்கத்தில் இருந்தால் 'க்வ' கிரேக்கத்தில் 'க்' ஆகிவிடும் என்பது வேறு சொற்களிலிருந்தும் தெரிந்த விதி. 'எ' ஏன் 'உ' ஆனது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மற்ற கிளைகளின் சான்று வலுவாக இருப்பதால் இந்த ஒரு முரண் உறவைக் குலைத்துவிடாது. கிரேக்கம் மட்டுமே சான்றாக இருந்திருந்தால் இந்தச் சொல்லை யாரும் மீட்டிருக்க மாட்டார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வடிவங்கள்?

அழுத்தம் விழுந்த இடம் மாறியதால். கார்ல் வெர்னர் 1870-களில் காட்டியபடி, மூலச் சொல்லில் அழுத்தம் மெய்க்கு முன்னுள்ள அசையில் இருந்தால் ஜெர்மானியத்தில் 'ஹ்' நிற்கும்; பின்னால் இருந்தால் அது குரலொலியாக (தொண்டை அதிர வரும் ஒலியாக) மாறும். ஹ்வெயொஹ்ல் முதல் வகை, ஹ்வெயொகொல் இரண்டாம் வகை. ஒரே சொல்லில் இரண்டும் இருப்பதால் அழுத்தம் இரண்டு இடங்களில் விழுந்திருக்கிறது என்று பொருள்: ஒருமையில் முதலில், 'சக்கரத் தொகுதி' என்ற கூட்டுப்பெயரில் கடைசியில். கிரேக்கக் காவிய மொழியிலும் ஒருமை குக்லொஸ் ஆண்பால், தேர்ச்சக்கரங்களைச் சொல்லும் பன்மை குக்லா அஃறிணைப்பால். தொகாரியத்தில் பொருள் 'வண்டி' என்று ஆனதும் இந்தக் கூட்டுப்பெயரை வைத்துப் பார்த்தால் புரியும். சக்கரங்களின் தொகுதிதானே வண்டி!

அப்படியானால் தமிழும் இந்தோ-ஐரோப்பிய மொழியா?

இல்லை. தமிழ் திராவிடக் குடும்பம். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இல் சென்னையில் இருந்தபடியே இதைச் சான்றுகளோடு எழுதினார். கால்டுவெல் 1856-இல் விரிவாக நிறுவினார். சக்கரம் தமிழுக்கு வந்த கடன்சொல். க்ர போன்ற மெய்க்கூட்டு தமிழில் நிற்காது. அதனால் க் இரட்டித்து, இடையில் அகரம் சேர்ந்து சக்கரம் ஆயிற்று. புத்ர புத்திரன் ஆனதும், மித்ர மித்திரன் ஆனதும் இதே வழக்கம்தான்; அங்கே சேர்ந்தது இகரம்.

கடன் வாங்கியதால் தமிழருக்குச் சக்கரமே தெரியாது என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. தமிழில் உருளை, ஆழி, திகிரி, கால் என்று பல சொற்கள் உண்டு. 'கால்வல் நெடுந்தேர்' என்று 496-ஆம் குறளில் வருவது வலிமையான சக்கரங்களைக் கொண்ட தேர். பாதம் என்று நினைத்துப் படிப்பவர்கள் அங்கே தடுமாறுவார்கள். 667-ஆம் குறள் பெருந்தேரை 'உருள்பெருந்தேர்' என்கிறது. ஒரு சொல் கடனாக வந்தது என்பதை வைத்து அந்தப் பொருளும் கடனாக வந்தது என்று சொல்ல முடியாது.

அதே வேரிலிருந்து தமிழில் வேறு சொற்கள் வந்திருக்கின்றனவா?

நிறைய. *க்வெல் என்ற வேர் சமஸ்கிருதத்தில் 'சர்' என்ற வினையானது: சரதி, 'சுற்றித் திரிகிறான், நடக்கிறான்'. அதிலிருந்து ஆசாரம், உபசாரம், சஞ்சாரம், பிரசாரம், விசாரணை, சரிதம், சரித்திரம், சாரணர். நடத்தை, நடத்துதல், நடந்தது என்று எல்லாமே 'நட' என்ற கருத்தைச் சுற்றி வருகின்றன. இதே வேர் லத்தீனில் 'கொலெரெ' ஆகி, 'ஓரிடத்தில் வளைய வருவது' என்பதிலிருந்து 'வாழ்வது, உழுவது' என்று பொருள் நகர்ந்தது. காலனி, கல்ச்சர் இரண்டும் அங்கிருந்து வந்தவை. துருவத்தைக் குறிக்கும் 'போல்' என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் 'பொலொஸ்', அதாவது சுழலும் அச்சு. போலீஸ் காலனி என்றால் காலனி மட்டும் இந்த வேர். போலீஸ் 'நகரம்' என்று பொருள்படும் வேறு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

தமிழ் எழுத்தில் பார்த்தால் குழப்பம் வருமா?

வரும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். தமிழ் 'ச' என்ற ஒரே எழுத்தில் சமஸ்கிருதத்தின் மூன்று தனித்தனி ஒலிகளை அடைத்துவிடுகிறோம். பல்லவி, அனுபல்லவிக்குப் பின் பாடும் சரணமும், சபரிமலைக்குப் போகிறவர் சொல்லும் சரணமும் நமக்கு ஒரே எழுத்துக்கூட்டு. முதலாவது 'சர்' வேரில் வந்த 'பாதம், அடி'. இரண்டாவது 'அடைக்கலம்'. அதன் முதலொலி வேறு, வேரும் வேறு. சஞ்சாரம் சர் வேர். சம்சாரம் 'ஓடு, பாய்' என்று பொருள்படும் வேறு வேர். சாறு என்ற பொருளில் வரும் சாரமும் இந்தக் குடும்பம் இல்லை. 'சார்ந்து', 'சாரல்' தமிழுக்கே உரியவை.

சர்க்கரை, சர்க்கஸ், சர்க்கிள்?

மூன்றும் இல்லை. பேச்சில் 'சக்கரை' என்கிறோமே தவிர, அதன் மூலம் 'சர்கரா', சரளைக்கல். சர்க்கஸும் சர்க்கிளும் 'வளையம்' என்ற பொருளுள்ள வேறு சொல்லின் வழி வந்தவை; பொருள் நெருங்கி, ஒலி நெருங்கி, உறவு மட்டும் இல்லை. நூற்கும் சர்க்கா மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை. பாரசீகச் சர்க் வழியாக இந்திக்கு வந்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றபோது, அதுவரை காங்கிரஸ் கொடியில் இருந்த சர்க்காவின் இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரம் வந்தது. படம் மாறியது. சொல்லின் வேர் மாறவில்லை.

இந்தச் சொல்லை வைத்து மூலமொழியின் காலத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். சக்கரம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் அதற்குப் பெயர் இருந்திருக்க முடியாது. சக்கர வண்டிக்கான தொல்லியல் சான்றுகள் கி.மு. 3500-ஐ ஒட்டித்தான் தொடங்குகின்றன. போலந்தின் புரொனோசிட்சேயில் கிடைத்த பானையில் கீறிய நான்கு சக்கர வண்டி அந்தக் காலத்தது. ஸ்லோவேனியாவின் லுப்லியானா சதுப்பு நிலத்தில் கிடைத்த மரச்சக்கரம் 5000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. விட்டம் சுமார் 70 செ.மீ., ஆஷ் மரப்பலகையில் செய்தது, அச்சு ஓக் மரம். அச்சின் முனையும் சக்கரத்தின் துளையும் சதுரமாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே சுழன்றிருக்கின்றன. சக்கரச் சொல் பல கிளைகளுக்குப் பொது என்றால், அந்தக் கிளைகள் பிரிந்தது இதற்குப் பிறகு என்று வாதிடுகிறார்கள். இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தவர்களில் தொல்லியலாளர் டேவிட் அந்தோணி முக்கியமானவர்.

எதிர்வாதம் இது: 'சுற்று' என்ற வேர் எல்லாக் கிளைகளிலும் இருந்ததே, ஒவ்வொன்றும் தனித்தனியே 'சுற்றுவது' என்று பெயர் வைத்திருக்கலாமே? வேர் மட்டும் பொதுவாக இருந்திருந்தால் இதை ஏற்கலாம். ஆனால் அதே இரட்டிப்பு, அதே உயிர்மறைவு, அதே ஈறு, அதே பொருள் என்று நான்கும் பல கிளைகளில் ஒருசேர நிற்கின்றன. இப்படி இரட்டித்துப் பெயராக்குவது அம்மொழியில் அரிது. தற்செயல் என்று சொல்வது எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை.

வலுவான ஆட்சேபம் வேறு. முதலில் பிரிந்தது அனத்தோலியக் கிளை, இன்றைய துருக்கிப் பகுதியில் பேசப்பட்டது. அதில் இந்தச் சொல் இல்லை. அக்கிளையின் மொழியான ஹித்தைத்தில் சக்கரம் 'ஹுர்கி'. எனவே *க்வெக்வ்லொஸ் நமக்குத் தருவது, அனத்தோலியம் போன பிறகு மிஞ்சிய மொழியின் காலம் மட்டுமே. முழுக் குடும்பத்தின் வயதை இதை வைத்து முடிவு செய்தால் கணக்கு தப்பும்.

வேறொரு சொல்லை நானே சோதிக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

இன்றைய வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்துக்குப் போங்கள். தமிழில் உள்ள வடசொல் என்றால் முதலில் அதன் மூல எழுத்துக்கூட்டைப் பிடியுங்கள், 'ச' விஷயத்தில் இது கட்டாயம். அடுத்து, கடன்களைக் களையுங்கள். ஆங்கிலத்தின் சைக்கிளைச் சான்றாகச் சேர்த்தால் கிரேக்கத்தையே இரண்டு முறை எண்ணியதாகும். பிறகு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒலிக்கு நேரே ஒலி வருமாறு அடுக்குங்கள். ஒவ்வொரு இணைக்கும் அதே நிலையில் வரும் வேறு இரண்டு மூன்று சொற்களாவது காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த இணையைச் சந்தேகியுங்கள். வேர், ஈறு என்று பிரித்துப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குச் சொல்லுங்கள்.

பொருளைக் கடைசியில் வையுங்கள். பொருளில் தொடங்கினால் கண் ஏமாறும். எபிரேயத்தில் சக்கரம் 'கல்கல்', சுமேரியத்தில் வண்டி 'கிகிர்'. க-வும் ல-வும் ர-வும் இரட்டித்து வருவதைப் பார்த்ததும் மனம் துள்ளும். உருளும் பொருளுக்கு இரட்டித்த பெயர் வைப்பது பல மொழிகளில் இயல்பாக நடக்கும். கடனாக இருக்கலாம் என்ற கருதுகோள்களும் உண்டு. குடும்ப உறவு என்று சொல்லத் தேவையான ஒழுங்கான ஒலி இணைகள் அங்கே இல்லை.

வண்டியின் மற்ற பாகங்களுக்கும் இப்படிப் பழைய சொற்கள் உண்டா?

உண்டு. சமஸ்கிருத 'ரத', லத்தீன் 'ரோட்டா', ஜெர்மன் 'ராட்' மூன்றும் 'ஓடு' என்ற வேர். ஊர்த் திருவிழாவின் ரதமும், மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரும் உறவு. வாகனமும் ரயில்வேயின் வேகனும் 'சுமந்து செல்' என்ற ஒரே வேர். நாபி என்றால் தொப்புள், சக்கரத்தின் குடமும் அதுவே. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே வேரில் பிறந்த நேவல், நேவ் என்ற சொற்கள். சமஸ்கிருத 'அக்ஷ', ஆங்கில 'ஆக்ஸில்' ஒரே சொல். தமிழில் வண்டியின் 'அச்சு' அந்த அக்ஷவிலிருந்து வந்ததாகவே அகராதி காட்டுகிறது. அச்சாணியில் உள்ள ஆணி தமிழ் வழக்கில் ஊன்றிய சொல்.

சைக்ளோன் என்ற புயல் பெயரும் இதுதானா?

ஆம், அது பிறந்ததும் வங்கக் கடலோரத்தில்தான். கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் இந்தக் கடல்களின் புயல்களில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை ஆராய்ந்தார். காற்று நேராக வீசுவதில்லை, சுருண்ட பாம்புபோல் ஒரு மையத்தைச் சுற்றுகிறது என்று கண்டார். அதற்காகக் கிரேக்கக் குக்லொஸிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கி, மாலுமிகளுக்காக 1848-இல் வெளியிட்ட கையேட்டில் முன்வைத்தார்.